குளிர்நிலையில் அழுத்திய உலோக இணைப்புகள்: ஆய்வகத்துக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

குளிர்விப்பானின் தட்டு 4.2 கெல்வினில் நிலையாக நிற்கிறது. அதன்மேல் போல்ட்டால் இறுக்கிய செம்புத் தாங்கியோ 10 கெல்வினுக்குக் கீழே இறங்க மறுக்கிறது. இரண்டுக்கும் இடையில் வேறு பொருள் எதுவும் இல்லை. செம்பின்மேல் செம்பு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். குளிர்நிலை ஆய்வகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் மிகக் குறைவு. குளிர்விப்பான் பழுதாகிவிட்டதோ, வெப்பமானி பொய் சொல்கிறதோ என்று இரண்டு வாரம் தேடியபின்தான் குற்றம் அந்த இணைப்பில் இருப்பது தெரியவரும்.

சிங்கப்பூரில் இந்தத் துறைக்குள் வரும் இளையவர்களின் எண்ணிக்கை கூடிவருகிறது. தேசியப் பல்கலைக்கழகத்தில் குவாண்டம் தொழில்நுட்ப மையம் 2007இல் தொடங்கப்பட்டது. 2024 மே மாதத்தில் தேசிய குவாண்டம் உத்தி ஏறத்தாழ 300 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி ஒதுக்கீட்டுடன் அறிவிக்கப்பட்டது. இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு வருபவர்களும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து நேராக வருபவர்களும் இன்று கிரையோஸ்டாட்டுக்குள் (உள்ளிருப்பதை மிகக் குளிராக வைத்திருக்கும் வெற்றிடக் கலம்) கைவைக்கிறார்கள். அவர்களுக்கு நான் வாய்வழியாகச் சொல்லிவந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். இதில் முதன்மையானது ஒன்றுதான்: அழுத்திய இணைப்பில் வெப்பத்தைக் கடத்துவது பரப்பு அன்று, விசை. அந்த விசை குளிர்ந்த பிறகும் குறையாமல் இருக்க வேண்டும் என்பதையும் அதனோடு சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

பரப்பை ஏன் நம்பக்கூடாது

இரண்டு டுரியான் பழங்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்தால் எத்தனை முட்கள் தொட்டுக்கொள்ளும் என்று எண்ணிப் பாருங்கள். கண்ணாடிபோல் பளபளக்கும் செம்புத் தகடும் நுண்ணோக்கியின் அளவில் அப்படித்தான் இருக்கிறது. மேடுகளின் நுனிகள் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. அழுத்தம் கூடும்போது அந்த நுனிகள் நசுங்கித் தட்டையாகின்றன. மேலே வைத்த விசையை அந்த நசுங்கிய பரப்பு தாங்கும் நிலை வரும்போது நசுங்குதல் நின்றுவிடுகிறது. ஆகவே உண்மையில் தொடும் பரப்பு என்பது விசையை உலோகத்தின் கடினத்தன்மையால் வகுத்துக் கிடைப்பது. செம்பின் கடினத்தன்மையைச் சுமார் 1 கிகாபாஸ்கல் என்று எடுத்துக்கொண்டால், 445 நியூட்டன் விசைக்கு, அதாவது 45 கிலோ எடைக்கு, உண்மையாகத் தொடும் பரப்பு அரை சதுர மில்லிமீட்டர்கூட இல்லை. தகடு 20 மில்லிமீட்டர் சதுரமாக இருந்தால் அதன் 400 சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே வேலை செய்கிறது. தகட்டை இரு மடங்கு பெரிதாக வெட்டினாலும் அந்த அரை சதுர மில்லிமீட்டர் கூடப்போவதில்லை. விசையை இரு மடங்காக்கினால் அதுவும் ஏறத்தாழ இரு மடங்காகும்.

சாதாரண அறையில் இந்தக் குறை வெளியே தெரியாது. மேடுகளுக்கு நடுவே இருக்கும் காற்று வெப்பத்தின் ஒரு பகுதியைக் கடத்திவிடும். கிரையோஸ்டாட்டுக்குள் வெற்றிடம் என்பதால் அந்த உதவி இல்லை. மேசைமேல் வைத்துத் தொட்டுப் பார்த்து, “இது நன்றாகத்தான் கடத்துகிறது” என்று முடிவுசெய்வது ஏமாற்றத்தில் முடிவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வெப்பநிலை. அழுத்திய வெற்று உலோக இணைப்பின் வெப்பக் கடத்தளவு (ஒரு கெல்வின் வேறுபாட்டுக்கு எத்தனை வாட் கடக்கிறது என்ற கணக்கு) குளிரக் குளிரக் குறைகிறது. சில கெல்வின் அளவில் அது வெப்பநிலையின் ஒன்று முதல் இரண்டு வரையிலான அடுக்கில் மாறுவதாகப் பெரும்பாலான அளவீடுகள் காட்டுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியலாளர் பெர்மன் 1956இல் வெளியிட்ட அளவீடுகளிலிருந்தே இந்தப் போக்கும், கடத்தளவு விசைக்கு நேர்விகிதத்தில் இருப்பதும் அறியப்பட்டவை.

எண்களில் சொன்னால் இது இன்னும் விளங்கும். பூச்சில்லாத செம்பும் செம்பும் 445 நியூட்டனில் அழுத்தப்பட்டால் 4.2 கெல்வினில் கடத்தளவு கெல்வினுக்கு 10 மில்லிவாட் என்ற வரிசையில் இருக்கும். அதன் வழியாக 100 மில்லிவாட் இறங்க வேண்டும் என்றால், கடத்தளவு வெப்பநிலையோடு நேராக உயர்கிறது என்று கொண்டு கணக்கிட்டால், மேலே உள்ள துண்டு 10 கெல்வினில் போய் நிற்கும். தொடக்கத்தில் சொன்ன காட்சி இதுதான். அதே இணைப்பின் கடத்தளவை இருபது மடங்காக்கினால் அதே 100 மில்லிவாட்டுக்கு வேறுபாடு அரை கெல்வினுக்குள் அடங்கிவிடும். இருபது மடங்கு என்பது எட்டாக்கனி அன்று. ஓர் எம்4 போல்ட்டை (4 மில்லிமீட்டர் விட்டமுள்ளது) ஒழுங்காக இறுக்கினாலே அதில் நான்கு மடங்கு கைக்கு வந்துவிடுகிறது.

முதற்படி: எந்த வெப்பநிலை என்பதை முடிவு செய்யுங்கள்

இடையில் என்ன வைப்பது என்ற கேள்விக்கு விடை வெப்பநிலையைப் பொறுத்தது. பலர் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

4 கெல்வினும் அதற்கு மேலும் என்றால் இடுக்குகளை நிரப்பும் எதுவும் உதவும். “அப்பீசான் N” என்ற வகை கிரீஸை மிக மெல்லியதாகத் தடவலாம், சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள இண்டியத் தகட்டை வைக்கலாம். இண்டியம் மெழுகுபோல் மென்மையானது, குளிரிலும் மென்மையாகவே இருப்பது, மேடுபள்ளங்களுக்குள் வழிந்து நிரம்பக்கூடியது. விசையை அதிகம் கொடுக்க முடியாத இடத்தில், எடுத்துக்காட்டாக உடையக்கூடிய படிகத்தைப் பிடிக்கும்போது, கிரீஸும் இண்டியமும் பெரிய துணை.

1 கெல்வினுக்குக் கீழே கணக்கு தலைகீழாகிறது. இண்டியம் 3.4 கெல்வினில் மீக்கடத்தியாகிறது, அதாவது அதன் மின்தடை மறைந்துவிடுகிறது. மின்சாரத்துக்கு அது நற்செய்தி, வெப்பத்துக்குக் கேடு. அந்த நிலையில் எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைசேர்கின்றன; இணைசேர்ந்தவை வெப்பத்தைச் சுமப்பதில்லை. எஞ்சியுள்ள தனி எலெக்ட்ரான்களோ வெப்பநிலை இறங்க இறங்க வெகுவேகமாகக் குறைகின்றன. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசுக்கும் இதே கதிதான். கிரீஸில் எலெக்ட்ரான் ஓட்டமே கிடையாது; அணுக்களின் அதிர்வு மட்டுமே வெப்பத்தைத் தூக்கிச்செல்ல வேண்டும். ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும்போது அந்த அதிர்வு பெரும்பாலும் எதிரொலித்துத் திரும்பிவிடுகிறது. இயற்பியலாளர் கபிட்சா 1941இல் திரவ ஹீலியத்துக்கும் செம்புக்கும் இடையில் கண்ட எல்லைத் தடையும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அது வெப்பநிலையின் மும்மடிக்குத் தலைகீழாக ஏறுவதால், வெப்பநிலை பத்தில் ஒன்றாகும்போது தடை ஆயிரம் மடங்காகும். ஆகவே மில்லிகெல்வின் வேலைக்கு ஒரே நல்ல வழி, தங்கம் பூசிய செம்பை எதுவும் தடவாமல் பெரிய விசையில் அழுத்துவதுதான். அங்கே கிரீஸ் தடவியவர் தம் கையாலேயே இணைப்பைக் கெடுத்துக்கொள்கிறார்.

இரண்டாம் படி: பரப்பைத் தயார் செய்தல்

பளபளப்பைத் தேடாதீர்கள், தட்டையைத் தேடுங்கள். வளைந்த தகடு எவ்வளவு மின்னினாலும் மூன்று புள்ளிகளில்தான் உட்காரும். தடித்த கண்ணாடிப் பலகையின்மேல் 400ஆம் எண் உப்புத்தாளை விரித்து, துண்டை எட்டுப் போடுவதுபோல் தேயுங்கள். பிறகு 800, அதன்பின் 1200. ஒவ்வோர் எண் மாறும்போதும் துண்டைக் கால் வட்டம் திருப்பிக்கொண்டால் முந்தைய கீறல்கள் எங்கே மறையவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும். விரலால் நடுவில் அழுத்தித் தேய்ப்பவர்களின் துண்டு ஓரங்களில் உருண்டுவிடும். ஆகவே ஓரங்களைப் பிடித்து, கையின் கனத்தை மட்டும் கொடுங்கள்.

அதன்பின் அசிட்டோன், தொடர்ந்து ஐசோபுரொப்பைல் ஆல்ககால். மங்கிய செம்பாக இருந்தால் நீர்த்த சிட்ரிக் அமிலத்தில் சில நிமிடம் ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் கழுவி உடனே உலர்த்துங்கள். நம் ஊர்க் காற்றில் “உடனே” என்பதற்குப் பொருள் உண்டு. ஈரமான தீவில் தேய்த்த செம்பைத் திறந்த மேசையில் இரவு முழுவதும் விட்டுவிட்டு, காலையில் வந்து மாட்டுவது வீண்வேலை. மாட்டப்போகும் அதே நாளில், கையுறை போட்டுக்கொண்டு தேயுங்கள். விரல்ரேகை பட்ட இடம் சில நாளில் பழுப்பாகத் தெரியும்.

அலுமினியத்தின் ஆக்சைடு கடினமானது, தேய்த்த கணத்திலேயே மீண்டும் படர்வது. அழுத்தத்தில் செம்பின் ஆக்சைடு ஓரளவு உடைந்து கீழே உள்ள உலோகம் தொட்டுக்கொள்ளும். அலுமினியத்தில் அதை எதிர்பார்க்க வேண்டாம். தவிர்க்க முடிந்தால் இணைப்பில் அலுமினியத்தைத் தவிருங்கள். முடியாவிட்டால் துத்தநாக அடிப்பூச்சிட்டு அதன்மேல் தங்கமோ செம்போ பூசச் சொல்லுங்கள்.

தங்கப்பூச்சைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் செலவழித்தபின்னும் பலன் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இங்கேதான். மின்முலாம் பூசும் பட்டறைகள் பொதுவாக மின்னணுப் பொருத்திகளுக்குப் பழக்கப்பட்டவை. அவை கேட்காமலே இரண்டு காரியம் செய்யும்: அடியில் நிக்கல் பூசும், மேலே கோபால்ட் கலந்த கடினத் தங்கத்தைப் பூசும். நமக்கு இரண்டுமே வேண்டாம். நிக்கல் காந்தத்தன்மை உள்ளது. குளிரில் செம்பைவிட மோசமாகக் கடத்துவது. கடினத் தங்கம் நசுங்காது, நமக்கோ நசுங்குவதுதான் வேண்டும். “அடியில் நிக்கல் வேண்டாம், மென்மையான தூய தங்கம், சில மைக்ரோமீட்டர் தடிப்பு, பளபளப்பூட்டி சேர்க்க வேண்டாம்” என்று பணியாணையில் எழுத்தால் எழுதிக்கொடுங்கள். வாயால் சொன்னது பட்டறையின் மாலைநேரப் பணியாளரை எட்டாது. சிராங்கூன் சாலை நகைக்கடையில் 24 காரட் தங்கத்தைக் கையில் வளைத்துக் காட்டுவார்களே, அந்த மென்மைதான் நாம் தேடுவது.

மூன்றாம் படி: போல்ட்டும் மரையும்

முறுக்குவிசைக்கும் இழுவிசைக்கும் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. முறுக்குவிசையை, போல்ட்டின் விட்டத்தையும் 0.2 என்ற எண்ணையும் பெருக்கி வருவதால் வகுத்தால் இழுவிசை கிடைக்கும். எம்4 போல்ட்டை 1.5 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் 1,875 நியூட்டன், அதாவது 190 கிலோ எடைக்குச் சமமான விசை வருகிறது. நான்கு போல்ட் என்றால் 7,500 நியூட்டன். முன்னே சொன்ன 445 நியூட்டனோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ 17 மடங்கு. 0.2 என்பது உலர்ந்த மரைக்கான தோராயம். எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, அதே முறுக்குவிசைக்கு இழுவிசை ஏறிவிடும் என்பதை மறக்க வேண்டாம். அலன் கீயால் “கைக்குத் தெரியும் அளவுக்கு” இறுக்குவதை நான் ஏற்பதில்லை. சிறிய அளவுகளுக்கான டார்க் ரெஞ்ச் (குறித்த முறுக்குவிசைக்கு இறுக்க உதவும் கருவி) ஒன்றை ஆய்வகத்தில் கட்டாயம் வைத்திருங்கள்.

மரை எதில் போடுவது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருந்த தஞ்சாவூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர். என் முதல் வரைபடத்தில் செம்புக் கட்டையிலேயே எம்4 மரை வரைந்திருந்தேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, மேசையிலிருந்த ஒரு செம்புத் துண்டில் மரை போட்டு, எஃகு போல்ட்டை மாட்டி, என் கையிலேயே ஸ்பானரைக் கொடுத்தார். “இறுக்குங்க தம்பி” என்றார். மூன்றாம் முறை கழற்றி மாட்டியபோது பிடிமானம் நழுவி, போல்ட்டோடு சுருள் சுருளாகச் செம்பு வெளியே வந்தது. “செம்பு வெண்ணெய் மாதிரி தம்பி. ஒண்ணு குறுக்க ஓட்டை போட்டு பின்னாடி நட்டு வைங்க, இல்லாட்டி உள்ளே எஃகுச் சுருள் மரை போட்டுத் தர்றேன்” என்றார். அதன்பின் நான் வரைந்த எந்தச் செம்புத் துண்டிலும் வெறும் மரை இல்லை. பதப்படுத்தி மென்மையாக்கிய உயர்தூய்மைச் செம்பில் இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

போல்ட்டின் விசை அதன் தலையைச் சுற்றியுள்ள சிறு வட்டத்தில்தான் விழுகிறது. தூரத்தில் இருக்கும் பரப்பு வெறுமனே பக்கத்தில் நிற்கிறது. ஆகவே பெரிய தகட்டின் நான்கு மூலைகளில் போல்ட் வைத்து நடுவில் வெப்பத்தை எதிர்பார்க்காதீர்கள். வெப்பம் எந்த வழியாக இறங்க வேண்டுமோ அந்த இடத்தை ஒட்டியே போல்ட்டுகளை வையுங்கள்.

நான்காம் படி: குளிரில் இறுக்கம் குறையாமல் காத்தல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அறை வெப்பநிலையிலிருந்து 4 கெல்வினுக்கு வரும்போது செம்பு தன் நீளத்தில் 0.324 விழுக்காடு சுருங்குகிறது. 304 வகைத் துருவில்லா எஃகு சுமார் 0.296 விழுக்காடு, பித்தளை சுமார் 0.384, 6061 அலுமினியம் சுமார் 0.414, டைட்டானியம் சுமார் 0.15, மாலிப்டினமும் டங்ஸ்டனும் 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு. 20 மில்லிமீட்டர் தடிப்புள்ள செம்பை எஃகு போல்ட் பிடித்திருக்கிறது என்று கொள்வோம். செம்பு 64.8 மைக்ரோமீட்டர் சுருங்கும். போல்ட்டில் அதே நீளம் 59.2 மட்டுமே சுருங்கும். போல்ட்டுக்கு 5.6 மைக்ரோமீட்டர் தளர்ச்சி வந்துவிடுகிறது. தலைமுடியின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையே என்று தோன்றலாம். ஆனால் போல்ட்டை இறுக்கியபோது அது எவ்வளவு நீண்டது? 1,875 நியூட்டனில் எம்4 போல்ட்டின் தகைவு சுமார் 210 மெகாபாஸ்கல். எஃகின் மீள்மைக் குணகம் ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல். ஆகவே 20 மில்லிமீட்டரில் நீட்சி வெறும் 21 மைக்ரோமீட்டர். நம் இறுக்க விசை முழுவதும் அந்த 21 மைக்ரோமீட்டரில்தான் அடங்கியிருக்கிறது. அதில் 5.6 போனால் கால்வாசி விசை போய்விட்டது. அரைகுறையாக, 0.4 நியூட்டன் மீட்டருக்கு மட்டும் இறுக்கியிருந்தால் நீட்சியே 5.6 மைக்ரோமீட்டர்தான், குளிர்ந்தபின் அந்தப் போல்ட் எதையும் பிடித்திருக்காது. சூடேற்றித் திறந்து பார்க்கும்போது அது மீண்டும் இறுக்கமாகவே இருக்கும் என்பதுதான் இதன் கொடுமை. டைட்டானியம் போல்ட்டில் இந்த இழப்பு பல மடங்கு.

என் தொடக்க காலத்தில் ஒரு தாங்கி இப்படித்தான் 9 கெல்வினில் நின்றது. மூன்று முறை குளிரூட்டி, மூன்று முறை திறந்தேன். ஒவ்வொரு முறையும் போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்து “இறுக்கமாகத்தான் இருக்கிறது” என்று குறிப்பேட்டில் எழுதினேன். அந்த மூன்று வரிகள் இன்னும் அந்த ஏட்டில் இருக்கின்றன.

தீர்வு மூன்று. பித்தளை போல்ட் போடலாம். அது செம்பைவிட அதிகம் சுருங்குவதால் குளிரில் தானாக இறுகும், ஆனால் எஃகின் வலிமை அதற்கு இல்லை. எஃகு போல்ட்டின் தலைக்கடியில், குறைவாகச் சுருங்கும் மாலிப்டின வாஷரை வைக்கலாம். நம் எடுத்துக்காட்டில் 3 மில்லிமீட்டர் வாஷர் வைத்தால் செம்பும் வாஷரும் சேர்ந்து 67.7 மைக்ரோமீட்டர் சுருங்கும். 23 மில்லிமீட்டராக நீண்ட போல்ட் 68.1 சுருங்கும், தளர்ச்சி நீங்கி, மிகச் சிறிதளவு இறுக்கம் கூடவும் செய்கிறது. மூன்றாவது, குவிந்த தட்டு வடிவ வில் வாஷர்களை அடுக்குவது. அவை நூற்றுக்கணக்கான மைக்ரோமீட்டர் அமுங்கக்கூடியவை என்பதால் 5.6 மைக்ரோமீட்டர் அவற்றுக்கு ஒரு பொருட்டே அன்று. இண்டியத் தகடு வைத்த இணைப்பில் வில் வாஷர் இல்லாமல் நான் வேலை செய்வதே இல்லை. இண்டியம் நாள்கணக்கில் மெல்ல வழிந்து மெலிந்துகொண்டே இருக்கும், வில்தான் அதைப் பின்தொடர்ந்து அழுத்தும்.

மாட்டும்போது போல்ட்டுகளை எதிரெதிராக, மூன்று சுற்றுகளில் இறுக்குங்கள். கிரீஸோ இண்டியமோ இருந்தால் சில மணி நேரம் விட்டு மீண்டும் ஒருமுறை குறித்த அளவுக்கு இறுக்குங்கள். வெற்று உலோகத்தில் இன்னொரு பயனுள்ள பண்பு உண்டு: ஒருமுறை நசுங்கிய மேடு விசையைக் குறைத்தாலும் முழுதாக மீண்டெழுவதில்லை. எனவே போல்ட்டும் மரையும் தாங்கும் எல்லைக்குள் முதலில் சற்று மேலே போய், பிறகு வேண்டிய அளவுக்கு இறங்கி வந்தால், நேராக அந்த அளவுக்கு ஏற்றியதைவிடக் கடத்தளவு நன்றாக இருக்கும்.

ஐந்தாம் படி: மூடுவதற்குமுன் நைட்ரஜனில் சோதனை

கிரையோஸ்டாட்டைக் குளிரூட்ட ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். திரவ நைட்ரஜன் சோதனைக்கு அரை மணி நேரம் போதும். செம்பின் மொத்தச் சுருக்கத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் 77 கெல்வினுக்குள்ளேயே முடிந்துவிடுவதால், போல்ட் தளர்வதாக இருந்தால் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.

இணைப்பின் இரு பக்கமும் ஒரு சோடி மின்னோட்டக் கம்பியும், இணைப்பை ஒட்டியே ஒரு சோடி மின்னழுத்தக் கம்பியும் பொருத்துங்கள். 10 ஆம்பியர் செலுத்தினால் ஒவ்வொரு மைக்ரோ ஓமுக்கும் 10 மைக்ரோவோல்ட் கிடைக்கும். மின்னோட்டத்தைத் திருப்பிப் போட்டு மீண்டும் அளந்து சராசரி எடுத்தால், கம்பிகளின் வெப்பநிலை வேறுபாட்டால் எழும் போலி மின்னழுத்தம் கழிந்துவிடும். மின்னழுத்தக் கம்பிகளுக்கு இடையிலுள்ள செம்பின் தடையையும் கழிக்க வேண்டும்: 10 மில்லிமீட்டர் நீளம், 100 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு என்றால் அறையில் அது 1.7 மைக்ரோ ஓம், 77 கெல்வினில் ஏறத்தாழ 0.2. மூழ்கடித்ததும் தடை இறங்கி நிலைத்தால் நல்லது. இறங்கிக்கொண்டே வந்து திடீரென்று ஏறினால் விசை போய்விட்டது என்று பொருள். வாஷர் கணக்கை மீண்டும் போடுங்கள்.

இந்த அளவீட்டுக்கு இன்னொரு பெரும்பயன் உண்டு. இணைப்பை 4 கெல்வினில் வைத்து இதே தடையை அளந்தால், அதிலிருந்தே வெப்பக் கடத்தளவைக் கணிக்கலாம். வீடமன், ஃபிரான்ஸ் இருவரின் விதிப்படி, வெப்பநிலையை 2.44×10⁻⁸ என்ற லாரன்ஸ் எண்ணால் பெருக்கித் தடையால் வகுத்தால் எலெக்ட்ரான்கள் சுமக்கும் கடத்தளவு கிடைக்கிறது. 1 மைக்ரோ ஓம் இணைப்பு 4.2 கெல்வினில் கெல்வினுக்கு 0.1 வாட் தரும், 0.1 கெல்வினில் 2.4 மில்லிவாட், 10 மில்லிகெல்வினில் கால் மில்லிவாட். தங்கம் பூசி நன்றாக இறுக்கிய இணைப்பு 1 மைக்ரோ ஓமுக்கும் கீழே வரக்கூடியது. கிரீஸும் இண்டியமும் இருக்கும் இணைப்புக்கு இந்தக் கணக்கைப் போடக்கூடாது. 77 கெல்வின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே பயன்படுத்துங்கள்.

நைட்ரஜனைக் கையாளும்போது கண்காப்பும் தளர்வான குளிர்க் கையுறையும் வேண்டும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும் என்பதால், சன்னல் இல்லாத சிறிய அறையிலும் மின்தூக்கிக்குள்ளும் அதனோடு நிற்கக்கூடாது. உயிர்வளி குறைவதை மூக்கு உணர்த்தாது. ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி ஒலித்தால் பாத்திரத்தை விட்டுவிட்டு வெளியேறுங்கள்.

ஆறாம் படி: உள்ளே அளப்பது

மேல் துண்டில் ஒரு சிறு சூடேற்றி, இணைப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு வெப்பமானி. 10, 20, 50, 100 மில்லிவாட் எனப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் வெப்பநிலை நிலைக்கும்வரை காத்திருந்து வேறுபாட்டைக் குறியுங்கள். ஒற்றை அளவீட்டை நம்பாமல், அடுத்தடுத்த அளவீடுகளுக்கு இடையிலான சரிவை எடுங்கள். இரு வெப்பமானிகளுக்கும் இடையில் நிலையாக இருக்கும் பிழை அப்போது கழிந்துவிடும். வெப்பமானியின் கம்பிகள் செம்பாக இருக்கக்கூடாது. மெல்லிய பாஸ்பர் வெண்கலமோ மாங்கனினோ போட்டு, அதே துண்டில் சில சுற்று சுற்றி ஒட்டிவிட்டபின் மேலே கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் வெப்பமானி தன் கம்பியின் வெப்பநிலையைத்தான் காட்டும்.

ஒரே இணைப்பைக் கழற்றி மீண்டும் அதே விசையில் மாட்டினால் இரு மடங்குவரை மாறி வரலாம். மேடுகள் ஒவ்வொரு முறையும் வேறு மேடுகளைச் சந்திக்கின்றன. ஆகவே வடிவமைக்கும்போது குறைந்தது இரண்டு மடங்கு இடைவெளி விட்டுக் கணக்கிடுங்கள். பரப்பு, பூச்சு, முறுக்குவிசை, வாஷர், 77 கெல்வின் தடை ஆகியவற்றை இணைப்புக்கு ஒரு பக்கம் என்று குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

ஏழாம் படி: திறப்பது

குளிர்விப்பானை நிறுத்திய மறுநாள் அவசரத்தில் திறப்பதுதான் நம் ஊரில் மிகுதியாக நடக்கும் தவறு. குளிரூட்டிய அறையில் 22 பாகை செல்சியஸும் 55 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், 12 பாகைக்குக் கீழே இருக்கும் எந்த உலோகமும் வியர்க்கும். அறையின் குளிரூட்டி நிறுத்தப்பட்ட வார இறுதியில் வெளிக்காற்று உள்ளே வந்துவிட்டால் அந்த எல்லை 24 பாகைக்கு அருகே ஏறிவிடும். வியர்த்த நீர் போல்ட் துளைகளிலும் இணைப்பின் ஓரங்களிலும் தங்கி, அடுத்த முறை வெற்றிடம் இழுக்கும்போது பல மணி நேரத்தைத் தின்னும். வெற்றுச் செம்பாக இருந்தால் தேய்த்த பரப்பும் மங்கிவிடும். எல்லா வெப்பமானிகளும் அறை வெப்பநிலையை எட்டும்வரை காத்திருந்து, உலர்ந்த நைட்ரஜன் வாயுவால் நிரப்பி அழுத்தத்தைச் சமப்படுத்திய பிறகே மூடியைக் கழற்றுங்கள். இண்டியம் வைத்த இணைப்பைப் பிரித்திருந்தால் பழைய தகட்டை நெகிழிச் சீவியால் முழுதும் எடுத்துவிட்டுப் புதுத்தகடு போடுங்கள். தங்கம் பூசிய பரப்பை எக்காரணம் கொண்டும் உப்புத்தாளால் தொடாமல், ஆல்ககால் நனைத்த பஞ்சில்லாத் துணியால் ஒரே திசையில் துடைத்து, உலர்ந்த பெட்டியில் வையுங்கள்.